கடைவாய்ப் பல்

கோப்பாய் மண்டபத்தில் ஒரு பக்கத்து விசிறிதான் சுற்றுகிறது.
சிறந்த செய்கையாளர் என்று வாசிக்கிறார்கள்,
புவனலோஜினியில் ஓர் எழுத்தை விழுங்கி.
சால்வை. கண்ணாடிச் சட்டம் போட்ட தாள்.
"இரகசியத்தைச் சொல்லுங்கோவன் அம்மா,
இளம் ஆக்கள் கேக்கட்டும்" என்கிறார் விவசாயப் போதனாசிரியர்.
என் நாக்கு, வழக்கம்போல,
கீழ்த்தாடையின் இடது மூலைக்குப் போகிறது.
அங்கே ஒரு குழி இருக்கிறது.

இரகசியம் அதுதான்.

முந்தின வருடம் மாசியில்
நானும் தவயோகராசாவும் ஒரே கிழமை கிண்டினோம்.
ஒரே லொறியில் வந்த விதை வெங்காயம்,
பங்குக் கிணறு, முறைவைத்து இறைப்பு,
இரண்டு தறைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்.
கைராசி என்றால் அவருக்குத்தான்.
தாள் சுருளுவதற்கு முதலே சுருளப் போகுது என்பார்.
மண்ணை நுள்ளி நாக்கில் வைத்து உவர் சொல்லுவார்.
நான் மருந்தடிக்கிற நாளை
அவருடைய தெளிகருவிச் சத்தம் கேட்டே தெரிந்துகொள்வேன்.

விலை இறங்கத் தொடங்கியது.
கெட்டிக்காரர் எல்லாரும் விற்றார்கள்.
அவரும் விற்றார், கிலோ எண்பது. பிழையில்லாத கணக்கு.
நானும் விற்றிருப்பேன்,
அன்று விடியப்புறம் முகம் பூசணிக்காயாய் வீங்காவிட்டால்.
பெரியாஸ்பத்திரி, பல் கிளினிக், இரண்டு தரம்.
பிடுங்கின குழியில் சீழ்.
லான்ட்மாஸ்ரர்காரனை "வா" என்று கூப்பிட
வாய் திறக்க முடியாத இருபத்து மூன்று நாள்.
பிடிபிடியாய்க் கட்டினதெல்லாம் கொட்டிலில் தொங்கியது.
அதைப் பார்த்து அழுதேன், பல்லுக்கும் சேர்த்து.

பிறகு எங்கேயோ ஒரு கப்பல் வரவில்லை.
எங்கேயோ ஒரு வரி ஏறியது.
சுன்னாகத்து வியாபாரிகள் என் படலையடிக்கே வந்து
முந்நூற்றெழுபது என்றார்கள்.
வீக்கம் வடியாத வாய், நான் பேசவில்லை.
பேசாததால் நானூறு ஆக்கினார்கள்.

அவளுக்குச் சந்தை தெரியும் என்றது ஊர்.
என்ன நெஞ்சுரம், பொத்திப் பிடிச்சு வச்சிருந்தாள் பார், என்றது.
நல்ல கதை.
மூன்றாம் நாள் நானே சொல்லத் தொடங்கினேன்.
வங்கியில் சொன்னேன். கனடாவில் இருக்கிற தங்கைக்குச் சொன்னேன்.
அவள் மகனுக்குச் சொன்னாளாம்,
பெரியம்மாவைப்போல பொறுமை வேணும் என்று.

அடுத்த போகம் பொறுமையாகக் காத்திருந்தேன்,
மிச்சப் பல்லெல்லாம் சுகமாக.
கப்பல் வந்தது. மழையும் வந்தது.
கொட்டிலில் இருந்து கிளம்பிய நாற்றம்
கதியால் தாண்டி அவர் வீட்டுச் சோற்றுக்குள் போனது.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
நேரத்துக்கு விற்றிருந்தார். சின்ன இலாபம்,
இறைப்பு மெசினுக்குப் புதுக் குழாய்.

கோப்பு மெல்ல நகர்ந்ததால்
முந்தின வருடத்து விருது இன்றைக்கு வருகிறது.
என் காதில் கிடப்பது அவர் மனைவியின் தோடு.
என்னுடையது அடைவில்.

மூன்றாம் வரிசையில் அவர்.
எல்லாரும் ஓய்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்த கை அவருடையது,
நகக்கண்ணில் செம்மண்.
பகிடியா மரியாதையா, தெரியவில்லை.
நட்டது நான், இறைத்தது நான்,
குனிந்து களை பிடுங்கியது இந்த முதுகு,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
வெறுங்கொட்டில்காரிக்குக் கப்பல் பிந்தி என்ன, முந்தி என்ன.
ஆனால் அவரும் இறைத்தாரே.
அவருக்கும் ஒரு முதுகு இருக்கிறதே.

"சொல்லுங்கோ அம்மா."

"எனக்குப் பல் வருத்தம் வந்தது" என்கிறேன்.

மண்டபம் சிரிக்கிறது.
எவ்வளவு அடக்கமான மனுசி என்று
பின்னுக்கு யாரோ சொல்வது கேட்கிறது.
தவயோகராசா மட்டும் சிரிக்கவில்லை.
மெல்லத் தன் தாடையைத் தடவுகிறார்,
முப்பத்திரண்டும் இருக்கிறதா என்று
எண்ணிப் பார்ப்பவர்போல.