உத்தரவாதம் இல்லை

"உப்புத்தண்ணீர் பட்ட போனுக்கு
உத்தரவாதம் இல்லை"
என் கடைச் சுவரில் நானே எழுதி ஒட்டியது.
மாங்குளம் சந்தியிலிருந்து
கடல் ஐம்பது கிலோமீற்றர்.
இருந்தும் கிழமைக்கு நாலு போன்
கடல் குடித்து வரும்.
பழைய பல்தூரிகையால் பச்சைக் களிம்பைச் சுரண்டி
ஸ்பிரிட்டில் கழுவி
உப்பைத் துரத்துவதுதான் பிழைப்பு.

அதே கையால்
போன ஆடியில்
ஒரு கண்ணாடித் தொட்டி நிறைய உப்பை ஊற்றினேன்.

எமில்தாஸ் மூன்று போனுக்குக் கடன்.
காசுக்குப் பதில் கடல் கேட்டேன்.
அறுபது லீற்றர்.
கரையில் அள்ளாதே,
வள்ளம் ஓடி நிறம் மாறுமிடத்தில் அள்ளு என்றேன்.
முல்லைத்தீவு பஸ்ஸில் மூன்று கான் வந்தன.
கொண்டக்டர் மூடி திறந்து மணந்து பார்த்தானாம்.
கசிப்பில்லை என்றதும் முகம் வாடி
மூன்று பேருக்கு ரிக்கற் கிழித்தானாம்.

கூடவே ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கல்.
முருகைக்கல் உடைப்பது குற்றம், வேண்டாமென்றிருந்தேன்.
"வலையில வந்தது அக்கா, செத்த கல்"
போனில் சத்தியம் செய்தான்.
நான் திருத்திய போன்.
குரல் தெளிவாய்க் கேட்டது.

கடை விளக்கின் விலை என் இரண்டு மாத வாடகை.
ஆகவே
செத்துப்போன கணினியின் அலுமினியச் செதில்,
வெப்பப் பசை,
நீலம் எட்டு, வெள்ளை நாலு,
ஆறாறாய் இரண்டு வரிசை,
யாரோ விட்டுப்போன லப்ரொப் சார்ஜர்.
பிரித்து விரித்த பால்மா ரின் கூரை.
முதல்தடவை நேரும் எதிரும் மாறி
ஒரு நீலம் 'டிக்' என்றது.
அந்த மணம் இன்னும் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.
இரண்டாம்தடவை
கடை முழுக்க
ஆழம்.

பேனைக் குழாய்க்குள் மணல் போட்டு
வாயை மெழுகால் அடைத்து மிதக்கவிட்டேன்.
கடல் வந்த அன்று எதுவரை மூழ்கியதோ
அங்கே ஒரு கோடு.
வன்னி வெயிலில்
போவது தண்ணீர் மட்டும், உப்பு போகாது.
கோடு மேலே எழும்.
எங்கள் கிணற்றுநீர் கேத்தலில் சுண்ணாம்பு கட்டும்.
வடிகட்டிய தண்ணீர் காசுக்கு வாங்கினேன்
கல்லுக்கு.
நான் குடித்தது கிணறு.

முதல் பத்து நாள் மீன்சந்தை நாற்றம்.
பிறகு கண்ணாடியெல்லாம் தவிட்டு நிறம்.
பிறகு ஒன்றுமில்லை.
பக்கத்துத் தையல்கடைப் பவளராணி
ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள்:
"கல்லுக்கோடி கரண்ட் எரிக்கிறாய்?"

கார்த்திகையில் ஒரு மழை இரவு
கரண்ட் போனது.
மோட்டார் சைக்கிள் பற்றறியைக் கழற்றிக் காற்றுப்பம்பிக்குக் கொடுத்தேன்.
மூன்று மணிக்கு அதுவும் ஓய்ந்தது.
பிறகு கோப்பையால்
அள்ளி உயர்த்தி ஊற்றினேன்
அள்ளி உயர்த்தி.
கை மாற்றும்போது ரோச் வெளிச்சம் கல்லில் விழுந்தது.
வெடிப்புக்குள்
தீக்குச்சித் தலையளவு மண்ணிறத் தண்டு.
சுற்றிவர மயிர்போலக் கைகள்.
எல்லாம் என்பக்கம்.

விசாரித்தேன்.
தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது களையாம்.
ஒன்று நூறாகுமாம்.
தேசிக்காய்ச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கொல்வார்களாம்.
ஊசி என்னிடம் இருந்தது.
தேசிக்காய் பவளராணியின் மரத்தில் கொட்டிக் கிடந்தது.
அவளிடம் கேட்டு ஒன்று வாங்கிவந்து
தேத்தண்ணிக்குள் பிழிந்தேன்.

தை பிறந்து
நாலாவது போனோடு எமில்தாஸ் வந்தான்.
தண்ணீர் சொட்டியது.
"இதோ? இது வலையில அள்ளுகொள்ளையா வரும்,
மூக்குச்சளி மாதிரி.
பிய்ச்சு எறிவம்."
சொல்லிக்கொண்டே குனிந்தான்.
நீலம் அவன் தாடியில் ஏறியது.
நான் இரண்டு போன் திருத்தி முடித்தேன்.
அவன் நிமிரவில்லை.
"இது விரியுமெண்டு எனக்குத் தெரியாது"
என்றுமட்டும் சொன்னான்,
நாற்பது வருசம் கடலில் நின்றவன்.

கடைசி பஸ்ஸுக்கு ஓடினான்.
போன் மேசையிலேயே கிடந்தது.
ஒட்டுசுட்டான் தாண்டியிருக்கும்,
யாருடையதோ இலக்கத்திலிருந்து அழைப்பு.
"அக்கா, அது இன்னும் திறந்துதானோ நிக்குது?"