முசுறுக் கூடு

பலவான்குடி ஊருணிக்கு வடக்கே
வீரையும் காசானும் பின்னிக் கிடக்கிற காட்டுக்குள்
பதினோரு கே.வி. லைன் ஒன்று போகிறது.
ஐப்பசிக்கு முன்னால் கிளை கழிக்க வேண்டும்.
ஒன்பது மணிக்கு ஷட்டவுன் வாங்கியாயிற்று.
ஏணியைப் பிடித்தபடி அடைக்கலம்.
மேலே நான், அரிவாளோடு.

நாவல் மரம்.
இலையோடு இலை வைத்துத்
தன் பிள்ளைகளின் வாய்நூலாலேயே தைத்த
முசுறு வீடுகள், பந்து பந்தாய்.
முதல் வெட்டிலேயே கழுத்துக்குள் இறங்கிவிட்டன.
கடித்த வாயில் புளிப்பையும் பீய்ச்சின.
வைதேன்.
ஒரு கூடு கிழிந்து தொங்கியது.

உள்ளே நொய்யரிசியாய்ப் பிள்ளைகள்.
நடுவே, ஐந்து ரூபாய்க் காசளவு,
செங்காவி நிறத்தில் சப்பையாய் ஒரு ஓடு.
மேலேறி எத்தனை கடித்தும் பல் இறங்கவில்லை.
விளிம்பை இலையோடு அழுத்திக்கொண்டு
அது நகர்ந்தது.
தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
ஓட்டுக்கு அடியில் ஒரு பிள்ளை போயிற்று.
பிறகு இன்னொன்று.

"என்னண்ணே, சத்தத்தையே காணோம்?"

என்ன சொல்ல.
கடிக்கிற வீட்டுக்குள் குடியேறி
அந்த வீட்டுத் தொட்டிலையே தின்கிறது ஒன்று.

பக்கத்தில் இன்னொரு ஓடு, அசையாமல்.
உலர்ந்து முதுகில் கோடு விட்டிருந்தது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளந்தது.
வந்தது பூச்சியா பஞ்சா?
பாய்ந்த முசுறின் வாயிலெல்லாம்
வெண்செதில் அப்பிக்கொண்டது.
வெள்ளையடித்த அன்றைக்குச் சுவரில் சாய்ந்தவன் மாதிரி
கொம்பைத் துடைத்துத் துடைத்து நின்றன.
அதற்குள் அது
கசங்கிய சிறகை இழுத்துக்கொண்டு
கிளை நுனிக்குப் போய்விட்டது.

விரிய வெகுநேரம் ஆயிற்று.
தடித்த உடம்பு. புகையேறிய ஆரஞ்சு,
ஓரமெல்லாம் கறுப்பு.
என் கழுத்து எரிந்துகொண்டிருந்ததை
அப்புறம்தான் உணர்ந்தேன்.

போனில் எடுத்த படத்தைப் பார்த்து
உமையாள் மேடம் சொன்னார், சப்ஸ்டேஷனில்,
டீ ஆறிப்போகிறவரைக்கும்:
இது தேன் குடிக்காதாம், குடிக்கக் குழாயே இல்லையாம்.
உள்ளே தின்றதுதான் கடைசிவரைக்கும்.
அந்தியில் மட்டும் பறக்குமாம்.
முசுறு இருக்கிற மரமாய்ப் பார்த்துக்
கிளையின் அடிப்பக்கம் முட்டை வைக்குமாம்.
"பத்து வருஷமாத் தேடுறேன்" என்றார்.
அதற்குமேல் பேசவில்லை.

பன்னிரண்டரைக்கு லைன் விட வேண்டியிருந்தது.
கிழிந்த கூட்டை இலையோடு சேர்த்து
பைண்டிங் கம்பியால் அதே கிளையில் கட்டினேன்.
கட்டிய கையையும் கடித்தன.

பதிவேட்டில்:
நாவல் ஒன்று. கழிக்கவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
முசுறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
பொய்யில்லை.

கார்த்திகை மழைக்கு அந்த ஃபீடர்
இரண்டு தடவை விழுந்தது.
இரண்டாவது தடவை, ராத்திரி,
அடைக்கலம் என் முகத்தைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
ஏணியை எடுத்தான்.