ஆறாவது துளை

கடையில் அதற்குப் பெயர் ஓர் அங்குலப் பலகை.
வீட்டில் அளந்தால் முக்கால்.
டுலூத்தில் எல்லோருக்கும் தெரியுமாம் இது,
இருபத்திரண்டு வருடமாய்ப் பள்ளிப் பேருந்து ஓட்டும்
என்னைத் தவிர.

ஜிக்கை நாலு டாலருக்கு வாங்கினேன்
டெல்மர் ஸ்கூக் பழைய சாமான் விற்ற சனிக்கிழமை.
நீல பிளாஸ்டிக். கையேடு இல்லை.
"துளை சரிவாக இறங்கும், சட்டைப்பை மாதிரி.
திருகு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்" என்றார்.
அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.
விலைச்சீட்டே பிரிக்காமல்
ஒன்பது வருடம் வைத்திருந்தவர்.

செய்ய நினைத்தது ஒரு பெஞ்சு.
டெப்போவில் பனிக்காலணி கழற்ற
பதினோரு ஓட்டுநர்கள்
ஒற்றைக்காலில் கொக்காய் நிற்கிறோம்
நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை.

முதல் துளையின் வாய் கிழிந்தது.
ட்ரில்லைச் சும்மா மரத்தில் ஊன்றி
அப்புறம் விசையை அழுத்தியிருந்தேன்.
முழு வேகத்தில் சுழலவிட்டுத்தான் இறக்க வேண்டும்.
எஞ்சின் சூடாகுமுன் கிளப்பாதே என்று
புதியவர்களிடம் கத்துகிறவள் நான்.

அப்புறம் மூட்டு நழுவியது.
திருகு முடுக்க முடுக்க
ஒரு பலகை மற்றதன்மேல் நகத்தளவு ஏறி நின்றது.
பிடிகருவியை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினேன்,
கையை உதறிக்கொண்டு.
கராஜில் என் மூச்சு புகையாய் நின்றது.

இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து:
விரலால் தடவினால் சந்து தெரியவில்லை.
எனக்கு நானே காபி ஊற்றிக்கொண்டேன்.

ஆறாவதில்
உட்காருகிற பக்கம்
பால்பல் மாதிரி முளைத்தது திருகின் முனை.

பலகை முக்கால்தான்.
ஜிக்கின் குறி முக்கால்.
திருகு ஒன்றேகால் அங்குலம், பைனுக்கான அகலப் புரி,
டப்பாவிலேயே எழுதியிருக்கிறது.
யாரைக் கேட்டாலும் நான் இல்லை.
கடைசி இருக்கையிலிருந்து ஓர் ஆரஞ்சுப்பழம்
உருண்டு என் பிரேக்குக்குக் கீழே வந்து நிற்கும்;
கண்ணாடியில் பார்த்தால்
பதினாறு முகமும் ஜன்னல் பக்கம் இருக்கும்.
அந்த மாதிரி.

கேள்வியை விட்டுவிட்டு மரத்தூளை ஊதினேன்.
ஜிக்கின் அடித்தளத்தில் ஒரு புதுக் கீறல்,
வெள்ளையாக.
ட்ரில் முனை வரக்கூடாத இடம் அது.

தடுப்பு வளையம்!
அதன் குட்டித் திருகு தளர்ந்து
ஒவ்வொரு துளைக்கும் ஒரு மயிரிழை
தண்டில் மேலே ஏறியிருக்கிறது.
ஒவ்வொரு துளையும் ஒரு மயிரிழை ஆழம்.
ஐந்து தடவை மரம் பொறுத்துக்கொண்டது.

சைக்கிள் டப்பாவில் மூன்றாவது ஆலன் கீ பொருந்தியது.
அடித்தளத்துக்கும் முனைக்கும் நடுவே
ஒரு நிக்கல் காசு செருகி,
வளையத்தை இறுக்கி,
அது நிற்கும் இடத்தில் தண்டில்
கறுப்பு மையால் ஒரு கோடு போட்டேன்.
இனி நகர்ந்தால் எனக்குத் தெரியும்.
ஒரு துண்டு மரத்தில் ஒத்திகை. அப்புறம் இன்னொன்று.
நம்பாமல் மூன்றாவதும்.

முளைத்த பல்லை அரத்தால் தேய்த்தேன்.
மீன்செதில் அளவுக்கு ஒரு மினுக்கம் மிஞ்சியது.
அதன்மேல் நான் உட்கார்ந்துகொள்வதாக முடிவு.

வியாழன் அதிகாலை ஐந்தே கால்.
பதினோரு பேரும் உட்கார்ந்து காலணி கழற்றினார்கள்.
பெஞ்சு முனகவில்லை.
யாரும் எதுவும் சொல்லவில்லை,
இங்கே அதுதான் பாராட்டு.

லவெர்ன் ஷுல்ட்ஸின் கை மட்டும்
பேசிக்கொண்டே பலகைக்கு அடியில் போனது.
துளை ஒன்றைக் கண்டது. சுற்றித் தடவியது.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வாயிலிருந்து சூயிங்கத்தை எடுத்தார்.
அளவு கச்சிதம்.
"எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறாய், ஆட்ரா" என்றார்.