சரசாலை, 6.50

ஸ்கூட்டியைத் தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்துவேன்.
திறப்பு கழுத்தில், சட்டைக்குள்.
பிறகு சுபாங்கினிக்கு ஒரு வரி:
"சரசாலை. 6.50. ஒன்பதுக்குள்ள வந்திடுவன்."
அவளுக்குப் பறவையென்றால் கோழி,
அதுவும் குழம்பில்.
ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையில் ஒன்பதுக்கு
ஓர் அலாரம் வைத்திருக்கிறாள், என் பெயரில்.

வங்கியில் கேட்கிறார்கள்: தனியவோ போறனீர்?
இரண்டு பேர் போனால் கதை வரும்,
கதை வந்தால் உள்ளான் எழும்பிவிடும்.
காசு எண்ணுகிறபோது பக்கத்தில் யாரும்
பேசக்கூடாது அல்லவா என்றேன்.
காசாளருக்கு மட்டும் கொஞ்சம் விளங்கியது.

தரவையில்
மாட்டின் குளம்பு பதிந்த இடத்தில்தான் கால் வைப்பேன்.
வெடி அகற்றி முடிந்ததென்று பலகை சொல்கிறது.
பலகையையும் நம்புகிறேன்,
மாட்டைக் கொஞ்சம் கூட.
வெள்ளையாய்க் காய்ந்த உப்பு கல் மாதிரித்தான் தெரியும்;
போன பங்குனியில் முழங்கால்வரை வாங்கிக்கொண்டு
ஒரு செருப்பை இன்னும் திருப்பித் தரவில்லை.

காதில் பாட்டுப் போடுவதில்லை.
வடலிக் கூட்டத்துக்கு முதுகு காட்டி நிற்பதில்லை.
பைனாகுலரில் கண்ணை வைத்தால் உலகம் ஒரு வட்டம்.
அதற்குள் நெடுங்கால் உள்ளான்
சிவப்புக் கால்களை ஒவ்வொன்றாய்த் தூக்கிக் கழுவும்.
வட்டத்துக்கு வெளியே நான் நிற்கிறேன்,
பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்.
ஆகவே இருபது எண்ணுவேன், இறக்குவேன்,
சுற்றிப் பார்ப்பேன், மறுபடி இருபது.
இறக்கிய நேரத்தில் தலைக்குமேலால் போன ஆலாக்களை
சத்தத்தில் மட்டும் கண்டிருக்கிறேன்.

அன்று பதின்மூன்றில்
ஆட்காட்டி கத்தியது.

என்னைப் பார்த்து அல்ல.
எனக்குரியதை அது முன்பே கத்தி முடித்திருந்தது,
நான் வந்து இறங்கியபோதே:
ஆள், ஆள், இந்தா ஓர் ஆள் என்று
தரவை முழுக்க என்னைக் காட்டிக்கொடுத்து,
என் அரை மணிநேரத்தைப் பாழாக்கி.
இப்போது தெருப்பக்கம் திரும்பிக் கத்தியது.

மோட்டார் சைக்கிள். இருவர்.
என் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.
பின்னால் இருந்தவன் இறங்கி
அதன் சீற்றில் கை வைத்தான்,
வாங்கப்போகிற மாட்டைத் தடவுவதுபோல.
"என்ன தங்கச்சி, தனியத் தேடுறியள்?"

போனில் கோடு ஒன்றுகூட இல்லை.
காதில் வைத்து உரத்துச் சொன்னேன்:
"ஓம் ஓம், உங்கட வான் தெரியுது. சந்தியிலயே? வாங்கோ."
அங்கே யாருமில்லை.
இல்லாத ஒருவருக்கு நன்றாகத் தலையாட்டினேன்.
கதைத்தபடியே நடந்தேன்,
ஸ்கூட்டியை நோக்கி அல்ல,
கண்டல் ஓரம் றால் வலை உதறிக்கொண்டிருந்த
ஓர் ஆணையும் பெண்ணையும் நோக்கி.
மாட்டுத் தடம் மறந்துபோயிற்று.
அது பிறகுதான் நினைவு வந்து உள்ளங்கால் கூசியது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
தெருவைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கூடையை நகர்த்தி நிற்க இடம் விட்டாள்.

அவர்கள் போனார்கள்.
நல்லவர்களாகவும் இருந்திருக்கலாம்.
பெட்டைப்பிள்ளையின் வாகனம் பழுதாக்கும் என்று
நின்று பார்த்திருக்கலாம்.
அது எனக்குத் தெரியவரப் போவதில்லை,
தெரிந்துகொள்ள நான் காத்து நிற்கவும் இல்லை.

குறிப்புப் புத்தகத்தில்:
7.35. நெடுங்கால் உள்ளான் நாற்பது அளவில்.
ஆட்காட்டி 2.
மோட்டார் சைக்கிள் 1, நீலம், இலக்கத்தில் கடைசி 09.
பூநாரை இல்லை.

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்க
சாவகச்சேரியில் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று
"வந்திட்டன்" என்று அனுப்பினேன்.
நீலச் சரி விழுந்தது.
வழமைக்கு மாறாக ஒரு கேள்வியும்:
"இண்டைக்கு என்ன கண்டனீ?"
"ஆட்காட்டி."
"அதென்ன, ஆளோ?"

பதில் எழுதத் தொடங்கி,
அழித்து,
பிளேன்ரீ ஒன்று சொல்லிவிட்டு
மறுபடி தொடங்கினேன்.