மூன்சாமி

டர்பன். இரவு இரண்டு நாற்பது.
மின்வெட்டு; கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
மெய்யே இல்லாத மெய்நிகர் இயந்திரம்
எழுந்து உட்கார்ந்து தன் வட்டைத் தேடுகிறது.
வட்டு நெட்வொர்க்குக்கு அப்பால், பைன்டவுனில்,
சாட்ஸ்வொர்த் கிளினிக் ஒன்றின் எக்ஸ்ரே படங்களோடு.

அனுமதி இல்லை.
கேபிளைப் பார்த்தேன். முகவரியைப் பார்த்தேன்.
கடவுச்சொல்லை மூன்று முறை, எழுத்தெழுத்தாய் அடித்தேன்.
அனுமதி இல்லை.

பிறகுதான் அந்தப் பக்கத்துப் பட்டியலைத் திறந்தேன்.
யாரோ பதிந்த பெயரில் ஓர் எழுத்து கூடுதல்.
சரியாக எழுதிய பெயர் அங்கே அந்நியம்.

கப்பலடியில் ஒரு குமாஸ்தா
முனுசாமியை மூன்சாமி என்று எழுதிக்கொண்டான்;
இன்றும் என் சம்பளம் அந்தப் பெயருக்குத்தான் வருகிறது.

இங்கேயும் பிழையைப் பிழையாகவே அடித்தேன்.
நான்கு டெராபைட்.
முதலில் வந்தது
யாருடைய விலா எலும்போ.