ஏழு தரம்

மெய்நிகர் கண்ணாடியைத் துடைத்து வைப்பது
என்னுடைய வேலை.
நெற்றிப் பஞ்சில் ஒவ்வொரு மாலையும் ஒருவருடைய வியர்வை.
டொக்டர் ஷிப்னா போட்டிருந்தால் தெரியும்:
ஹிஜாப் ஊசி கீறிய மெல்லிய கோடு.

வாவியில் பட்டுத் தெறிக்கிற வெயில்
சென்சரைக் குழப்பும்.
ஆகவே மட்டக்களப்பு முழுவதையும்
திரை இழுத்து மூடிவிட்டுத்தான் தொடங்குவோம்.

நான் ஒட்டிய மஞ்சள் நாடாவுக்குள்
கால் இரண்டும் ஊன்றி
வெறுங்காற்றை வெட்டுவார்.
தேத்தண்ணி கொண்டுவந்த அழகரெத்தினம்
எட்டிப் பார்த்துக் கேட்டான்:
"பேய்க்கா வைத்தியம் பாக்கிறா இவ?"

அந்த நோயாளிக்குப் பெயரில்லை.
கொழுப்பில்லை, தழும்பில்லை, காத்திருக்கும் சொந்தமில்லை.
கை பிசகினால் சிவப்புப் பரவும்,
படம் மங்கும்,
மறுகா ஒரு பொத்தான்.
செத்தவர் முழுசாய்க் கிடப்பார்.

எல்லாம் பதிவாகும்.
பதிவைக் கொழும்புக்கு அனுப்புகிறவனும் நான்.
பித்தப்பை, நாற்பத்தொரு தரம்.
அதில் ஏழு தரம்
வெட்டக்கூடாத குழாயை வெட்டியிருக்கிறார்.
ஏழாவது, கரண்ட் போய் வந்த ஒரு வெள்ளிக்கிழமை.
அதற்குப் பிறகு பதினெட்டு தரம்
பிசகில்லை.

மார்கழி மழையோடு
என் வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி.
ஸ்கேனில் மூன்று கல்.
வியாழக்கிழமைப் பட்டியலில் என் பெயர்,
பக்கத்தில் அவருடையது.
"பெரிய டொக்டர் கூடவே நிப்பார்" என்றா நேர்ஸ்.
"நல்ல கையோ?" என்று மனைவி கேட்டாள்.
நல்ல கை என்றேன்.
ஏழு என்று வாயெடுக்கவில்லை.
பதினெட்டு என்றும்தான்.

புதன் இரவு, பூட்டுமுன்
நானே அதை மாட்டிக்கொண்டேன்.
ஈரமான குகை. ரோசா நிறம்.
இரண்டு குழாயும் எனக்கு
ஒன்றுபோலத்தான் இருந்தன.
நாலு நிமிடத்தில் ஆளை முடித்துவிட்டேன்.
பதிவை அழித்தேன்.
என் உள்ளங்கை வியர்வையைத் துடைக்க
இரண்டு பஞ்சு போனது.

தள்ளுவண்டியில் உள்ளே போகையில்
முதலில் கண்டது அவருடைய கால்களை.
நாடா ஒட்டாத தரையில்
அதே இடைவெளி.

முகமூடிக்கு மேலே இரண்டு கண் குனிந்தன.
எவ்வளவு காலமாய் என்னைத் தெரியும்,
"சிஸ்டம் தொங்குது, வாங்கோ" என்று கூப்பிடுகிறவர்தான்.
ஆனாலும் கேட்டார்:
"உங்கட முழுப் பெயரைச் சொல்லுங்கோ."

வேலுப்பிள்ளை சத்தியரூபன் என்றேன்.

ஒருதரம்
திருப்பிச் சொன்னார், மெதுவாய்.

நாற்பத்தொரு பதிவிலும்
அந்தக் குரல் இல்லை.