லெஃப்ட்

மாக்வாலாவின் நோட்டில் ஒரு பாட்டின் ஒரே வரி,
மூன்று வாரமாய்:
"த லைட் லெஃப்ட் ஆன் த ஸ்டேர்."

லெஃப்ட்டுக்கு இடப்பக்கம் என்றது அகராதி.
ஓட்டல் மேசையில் சாவிகளை நீட்டியபடி யோசித்தாள்,
படியின் இடப்பக்க விளக்கா?
அகராதியில் இன்னும் கீழே போனால்
போய்விட்டது.
அதற்கும் கீழே
விட்டுவைத்தது.

வெளிச்சம் படியில் இருந்தபடியே கிளம்பிப் போனதா?
யாரோ வரட்டுமென்று
அணைக்காமல் வைத்ததா?
ஜார்ஜிய வினைச்சொல் இப்படி மழுப்பாது.
யார் யாரை என்பதை
உடம்பிலேயே ஒட்டிக்கொண்டுதான் வரும்.

பதினொன்றாம் அறை அயர்லாந்துக்காரரைக் கேட்டாள்.
முணுமுணுத்துப் பார்த்தார். நிறுத்தினார்.
"இருபது வருஷமாப் பாடுறேன்,
இது எனக்குத் தோணவே இல்லையே."
அவர் காபி ஆறிப்போனது.

குத்தாயிஸியில் அவள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும். சில்லறை இல்லை.
ஆறு மாடி. நாலாவதில் மட்டும் பல்பு எரிகிறது,
கோச்சா போலந்துக்குப் போகுமுன் மாட்டியது.
இல்லை,
அதற்கப்புறம் இரண்டு தடவை அவளேதான் மாற்றினாள்.

அங்கேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.
முதல் பொருளை எழுதி அடித்தாள்.
இரண்டாவதை எழுதி,
அடித்ததன் மேலேயே முதலாவதைத் திரும்ப எழுதினாள்.

ஐந்தாம் மாடி ஓமாரி மூச்சிரைக்க ஏறி வந்தார்,
இரண்டு கையிலும் பை.
"கொஞ்சம் இடப்பக்கம் நகரு, மாக்வாலா."

நகர்ந்தாள்.
உருளைக்கிழங்கு ஒன்று பையிலிருந்து நழுவி
படிப்படியாய் இறங்கிப் போனது,
வெளிச்சம் முடிகிற இடம் வரை தெரிந்தது,
அதன் பிறகு சத்தம் மட்டும்.